மூக்குக்கும் ஒரு பயிற்சிப் பதிவேடு

அந்தத் தொழிற்சாலையில் அவள் தலை தெரிந்தாலே ஆட்கள் பதுங்குவார்கள். மேலாளர் வந்தால்கூட அப்படி ஓடமாட்டார்கள். அவர் வந்தால் வேலை செய்வதுபோல நின்றால் போதும். இவள் வந்தால் அதுவும் செல்லாது. கையில் ஒரு நீலக் கோப்பு, காதில் ஒரு பேனா, முகத்தில் நல்ல சிரிப்பு. அந்தச் சிரிப்புதான் ஆளை ஓடவைக்கும்.

"அண்ணே, உங்களுக்குக் காலாவதி ஆயிடுச்சு."

தவறாக நினைக்கவேண்டாம். அவள் சொல்வது பயிற்சியைப் பற்றி. வண்ணப்பூச்சில் கலக்கும் தின்னர், துரு எடுக்கும் அமிலம், எண்ணெய்க்கறை போக்கும் திரவம் என்று மூக்கையும் கண்ணையும் எரிக்கிற சாமான்களையெல்லாம் பெரிய தொட்டியில் வாங்கி, பீப்பாயில் நிரப்பி அனுப்புகிற தொழிற்சாலை அது. அங்கே பீப்பாய் மூடியைத் திறக்க ஒரு பயிற்சி, சிந்தினால் துடைக்க ஒரு பயிற்சி, பீப்பாய் மேல் ஒட்டியிருக்கும் தீப்படத்துக்கும் மண்டையோட்டுப் படத்துக்கும் என்ன அர்த்தம் என்று தெரிந்துகொள்ள ஒரு பயிற்சி. ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு உண்டு. கெடு முடிந்தால் மறுபடி வகுப்பில் உட்காரவேண்டும். யார் எதைக் கற்றார்கள், எப்போது கற்றார்கள், அது எதுவரை செல்லும் என்று எழுதிவைத்து, முடிவதற்குள் ஆளைப் பிடித்து இழுத்துவந்து உட்காரவைப்பதுதான் அவள் உத்தியோகம்.

ஒருமுறை சரக்குத் தூக்கும் வண்டி ஓட்டுகிறவருக்குப் பிறந்தநாள். எல்லாரும் கைகொடுத்துக்கொண்டிருந்தபோது இவளும் போய்க் கைகொடுத்து, கையை விடாமலே, "அண்ணே, உங்களுக்கு இன்னியோட காலாவதி" என்றாள். அன்றிலிருந்து அவள் பெயர் 'காலாவதி அக்கா'. முதல் வாரம் கோபம் வந்தது. அப்புறம் பழகிவிட்டது. பயிற்சி வகுப்பு என்றால் சம்பளத்தோடு தூங்க நிர்வாகம் செய்துகொடுத்த ஏற்பாடு என்று நினைக்கிற உலகத்தில், யார் தூங்கினார் யார் விழித்திருந்தார் என்று எழுதுகிறவளுக்கு இதைவிட நல்ல பெயரா கிடைக்கும்?

அவள் அலுவலகம் என்பது படிக்கட்டுக்கு அடியில் ஒரு சின்ன அறை. நிமிர்ந்தால் தலை இடிக்கும். ஆனால் உள்ளே போனால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அத்தனை நேர்த்தி. நிரப்பும் அறைக்கு மஞ்சள் கோப்பு, அமிலக் கிடங்குக்குச் சிவப்பு, அவசரக் குழுவுக்கு நீலம். ஆய்வாளர் யாராவது வந்து "இந்த ஆள் போன வருஷம் என்ன படித்தார்?" என்று கேட்டு முடிப்பதற்குள் தாளை எடுத்து நீட்டிவிடுவாள். அந்த நேர்த்தியில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கட்டுமே, இருக்கவேண்டியதுதான்.

அவள் நடத்துகிற காரியங்களில் எல்லாருக்கும் பிடித்தது ஒன்றே ஒன்று. முகமூடித் தேர்வு.

நிரப்பும் அறைக்குள் போகிறவர்கள் மூக்கையும் வாயையும் கவ்விப் பிடிக்கிற ரப்பர் முகமூடி போட்டாகவேண்டும். அது முகத்தில் இடைவெளி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று வருஷம் ஒருமுறை பார்க்கவேண்டும். எப்படிப் பார்ப்பது? வாழைப்பழ வாசனை அடிக்கிற ஓர் எண்ணெய் இருக்கிறது. கூரையிலிருந்து தொங்கும் பெரிய பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் ஆளை முகமூடியோடு நிறுத்தி, அந்த எண்ணெயில் நனைத்த காகிதத்தை உள்ளே மேலே ஒரு கொக்கியில் மாட்டவேண்டும். ஆள் தலையை ஆட்டி, குனிந்து நிமிர்ந்து, ஒரு பத்தியை உரக்க வாசிக்கவேண்டும். வாசனை வந்தால் முகமூடி ஒழுகுகிறது என்று அர்த்தம், தோல்வி. வரவில்லை என்றால் வெற்றி.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மூக்கே வேலை செய்யாத ஆளுக்கு எந்த முகமூடியிலும் வாசனை வராது. அதனால் தேர்வுக்கு முன்னால் இரண்டு குப்பிகளைக் கொடுத்து முகரச் சொல்லவேண்டும். ஒன்றில் வெறும் தண்ணீர். இன்னொன்றில் அந்த எண்ணெய் துளி கலந்த தண்ணீர். எதில் வாசனை என்று சரியாகச் சொன்னால்தான் கூடாரத்துக்குள் விடலாம்.

அதில் எப்போதும் கண் இமைக்கும் நேரத்தில் பதில் சொல்கிறவன் அவளுடைய கொழுந்தன். அவள் கணவனின் ஒரே தம்பி. நிரப்பும் அறையில் நிறைந்த பீப்பாயை விளிம்பில் சாய்த்து ஒற்றைக்கையால் உருட்டிக்கொண்டு போவான். அதனால் தொழிற்சாலையில் அவன் பெயர் பீப்பா. அந்த வாரம்தான் அவனை அவசரக் குழுவின் தலைவனாகப் போடப்போகிறார்கள் என்று பேச்சு. எங்காவது கசிந்தால், கொட்டினால், முதலில் உள்ளே போகிறவன் அவன்தான். புதன்கிழமை ஆய்வாளர் வந்து கோப்புகளைப் பார்த்து முடித்ததும் அறிவிப்பு. வீட்டில் அவன் ஏற்கெனவே தலைவன் நடை நடக்க ஆரம்பித்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்த நடைக்குக் கேடு வந்தது.

மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவளுக்குக் கருகல் நாற்றம் வந்தது. பக்கத்து வீடாக இருக்கும் என்று நினைத்தாள். நாற்றம் படியேறி வந்து மூக்கில் குத்தியது. துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து பார்த்தால், அவர்கள் வீட்டுச் சமையலறைதான். பால் பொங்கி வழிந்து, வற்றி, அடிப்பிடித்துக் கரியாகி, பாத்திரம் 'கிர்' என்று முனகிக்கொண்டிருந்தது. அடுப்புக்கு ஒரு கை தூரத்தில் முக்காலி போட்டு, அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கைபேசியில் விளையாடிக்கொண்டிருந்தான் கொழுந்தன்.

"டேய்! கண்ணு அவிஞ்சு போச்சா?"

அவன் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்து அடுப்பை அணைத்தான். "ஐயோ, பாக்கலை அண்ணி."

"பாக்கலை சரி. தெருமுனை வரைக்கும் நாறுதே, அதுவுமா தெரியலை?"

"நாறுதா?" என்று கேட்டுவிட்டான். கேட்ட வேகத்திலேயே, "ஆமா ஆமா, நாறுது. எனக்கு ஜலதோஷம் அண்ணி" என்றான்.

ஜலதோஷம் பிடித்தவன் குரலா அது? கோவில் மணிபோல இருந்தது. அவளுக்குள் இருந்த காலாவதி அக்கா விழித்துக்கொண்டாள். பத்து வருஷமாக, "நான் வகுப்புக்கு வந்தேன் அக்கா, நீங்கதான் எழுத மறந்துட்டீங்க" என்கிற முகங்களையே பார்த்துப் பழகியவள். பொய் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் தெரியும்.

"கண்ணை மூடு," என்றாள்.

"எதுக்கு?"

"மூடுடான்னா மூடு."

மூடினான். அவள் ஒன்றை எடுத்துவந்து அவன் மூக்கருகே நீட்டினாள். "என்ன வாசனை, சொல்லு."

அவன் நெஞ்சு நிறைய இழுத்தான். ஒரு நொடி யோசித்தான். தலைவனுக்கே உரிய உறுதியோடு, "வாழைப்பழம்" என்றான்.

கண்ணைத் திறந்து பார்த்தான். அவள் விரல் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது அவன் அண்ணனின் காலுறை. அண்ணன் பேருந்து ஓட்டுகிறவன். காலையிலிருந்து சாயங்காலம்வரை அதே காலணிக்குள் கிடந்து, அப்போதுதான் வெளியே வந்திருந்த காலுறை. அதை முகர்ந்து வாழைப்பழம் என்று சொல்ல ஒரு மனிதனுக்கு ஒன்று பெரிய மனசு இருக்கவேண்டும், இல்லை மூக்கு இல்லாமல் இருக்கவேண்டும்.

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்து முடிப்பதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது.

"எப்பலேருந்து?" என்றாள்.

அவன் முக்காலியில் சரிந்து உட்கார்ந்தான். "போன வருஷத்துக்கு முந்தின வருஷம் காய்ச்சல் வந்துச்சே, அப்பலேருந்து. காய்ச்சல் போச்சு, வாசனை திரும்பி வரலை. இன்னிக்கு வரும் நாளைக்கு வரும்னு பாத்தேன்."

"அப்போ குப்பி? ரெண்டு தடவையும் டக்குனு சொன்னியே!"

"அது ஈஸி அண்ணி. நீங்க அந்த எண்ணெயை ஊத்திட்டு, அதே கையுறையோட மூடியைத் திருகுவீங்க. மூடியில ஒட்டியிருக்கிற காகிதத்துல நம்பர் கலைஞ்சிருக்கும். மை கலைஞ்ச குப்பிதான் வாசனைக் குப்பி."

அவளுக்கு முகத்தில் அறைந்தாற்போல இருந்தது. அந்த எண்ணெய் பட்டால் மை கரையும். எழுத்து கலைந்தால் அசிங்கமாக இருக்கிறதே என்று அவளே எத்தனையோ தடவை அலுத்துக்கொண்டிருக்கிறாள். காகிதத்தை மாற்றி ஒட்டவேண்டும், குப்பி மூடிகளை அடிக்கடி இடம் மாற்றவேண்டும் என்று செய்முறைத் தாளில் இருக்கிறது. அந்தத் தாளும் அவளிடம்தான் இருக்கிறது, அழகாகக் கோர்த்து, மஞ்சள் கோப்பில்.

அப்படியானால் அவன் பெயருக்கு நேரே அவள் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கும் இரண்டு 'வெற்றி'யும் வெறும் மை. அவன் முகமூடி சரியாக இருக்கிறதா இல்லையா என்று இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது. அவனுக்கே தெரியாது.

"அண்ணி, புதன்கிழமை வரைக்கும் விட்டுடுங்க," என்றான் அவன். குரல் தணிந்திருந்தது. "தலைவர் அறிவிப்பு வந்துடட்டும். அப்புறம் மெல்ல நானே சொல்லிடறேன். இப்போ தெரிஞ்சா என்னைத் தூக்கி அட்டைப்பெட்டி மடிக்கிற இடத்துல போட்டுடுவாங்க. நான் அங்க உக்காந்து பெட்டி மடிக்கவா?"

அதற்குள் மாமியார் வந்துவிட்டார். கருகிய பாத்திரத்தைப் பார்த்து ஒரு பாட்டம், மகன் மூக்கைப் பற்றிக் கேட்டு ஒரு பாட்டம் புலம்பினார். பிறகு மருமகள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, வீட்டு விஷயத்தை ஆபீசுக்குக் கொண்டுபோவியா நீ?"

"அத்தை, இது ஆபீஸ் விஷயம்தான். வீட்டுக்கு வந்திருக்கு, அவ்வளவுதான்."

"என்னங்க, நீங்களாவது சொல்லுங்க," என்று அவள், சத்தம் கேட்டு வந்து நின்ற கணவனைப் பார்த்தாள். அவன் நிலைமையைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், தம்பியைப் பார்த்தான். "என் காலுறையை எங்க வச்ச?" என்று கேட்டுவிட்டு அதை வாங்கிக்கொண்டு நழுவினான். பேருந்தை எந்தச் சந்திலும் திருப்பிவிடுகிற ஆள், வீட்டில் எப்போதும் நேர்வழியாகத் தப்பித்துவிடுவான்.

அவளுக்குக் கொழுந்தன்மேல் கொள்ளைப் பிரியம். கல்யாணமாகி வந்த புதிதில் அந்த வீட்டில் அவளோடு வாய்விட்டுச் சிரித்துப் பேசியவன் அவன் ஒருவன்தான். தொழிற்சாலையில் வேலை காலியாக இருக்கிறது என்று துப்புக் கொடுத்தவனும் அவன்தான். அவன் கேட்டு அவள் இல்லை என்று சொன்னதில்லை. அதனால்தான் பயம் வந்தது. மூக்கில்லாமல், ஒழுகுகிறதோ என்னவோ தெரியாத முகமூடியோடு, கசிவுக்குள் முதல் ஆளாக ஓடப்போகிறான். அதற்கு அனுமதிச்சீட்டில் கையெழுத்து அவளுடையது. அவனுக்கு ஏதாவது ஆனால் அந்தக் கையை அவள் எங்கே வைத்துக்கொள்வாள்?

திங்கட்கிழமை காலை நிரப்பும் அறை வாசலில் தொங்கும் பலகையிலிருந்து அவன் அட்டையைக் கழற்றினாள். பலகையில் அட்டை இல்லாதவன் உள்ளே போகக்கூடாது; இதுதான் அங்கே வேதம். அவன் வந்து பார்த்தான். காலி ஆணியைப் பார்த்தான். அவளைப் பார்க்கவில்லை. "நன்றிங்க மேடம்," என்று சொல்லிவிட்டு அட்டைப்பெட்டி மடிக்கிற இடத்துக்கு நடந்தான். அவன் வாயால் 'மேடம்' கேட்டதில் அவளுக்கு அன்றைக்கு முழுவதும் சாப்பாடு இறங்கவில்லை.

மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். குப்பி மை கலைந்த கதையையும் மறைக்காமல் சொன்னாள். அவர் நல்ல மனிதர். ஆனால் ஆய்வு என்றால் அவருக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. தலையில் கைவைத்துக்கொண்டார்.

"நாளைக்கு மறுநாள் ஆய்வாளர் வராங்கம்மா! அவங்க போனப்புறம் இதைக் கண்டுபிடிச்சிருக்கக் கூடாதா நீ?"

"பால் இப்பதான் சார் கருகுச்சு."

"அந்தப் பதிவை அப்படியே விட்டா என்ன? ரெண்டு நாள்தானே?"

"அது பொய்ப் பதிவுன்னு இப்ப எனக்குத் தெரியும் சார். தெரிஞ்சப்புறம் விட்டு வைக்கிறதுன்னா நான் இனிமே யார்கிட்டயும் போய்க் காலாவதின்னு சொல்ல முடியாது."

மேலாளர் பெருமூச்சு விட்டார். பிறகு, அவர் நல்ல மனிதர் என்று சொன்னேனே, "வேற வழி ஏதாவது இருக்கா பாரு" என்றார்.

வேறு வழி இருந்தது. செய்முறைத் தாளின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. மூக்கு போனாலும் நாக்கு போவதில்லை. வாசனைக்குப் பதிலாக நல்ல கசப்பான ஒரு திரவத்தைப் புகையாகத் தெளித்துச் சோதிக்கலாம். கசப்பு தெரிந்தால் முகமூடி ஒழுகுகிறது. முகமூடி விற்கிற கடைக்கு ஆள் அனுப்பி, அந்தத் திரவமும் தெளிப்பானும் அதற்கான வடிகட்டிகளும் செவ்வாய்க்கிழமைக்குள் வாங்கிவிட்டார்கள்.

கொழுந்தன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். வேடிக்கை பார்க்க நிரப்பும் அறை ஆட்கள் மூன்று நான்கு பேர் கதவருகே நின்றார்கள். முதலில் முகமூடி இல்லாமல் அவன் நாக்குக்குக் கசப்பு தெரிகிறதா என்று பார்க்கவேண்டும். தலையில் ஒரு சின்ன உறையை மாட்டி ஒரு அமுக்கு அமுக்கினாள். அவ்வளவுதான். அவன் முகம் போன போக்கை என்னவென்று சொல்வது! மூக்கு ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம், கண் இரண்டும் காணாமல் போய்விட்டன. கதவருகே சிரிப்பு வெடித்தது. அவளும் சிரித்தாள். அவனும் கோபத்தை மறந்து, "வேணும்னே ரெண்டு மடங்கு கலந்திருக்காங்கடா!" என்று கத்தினான்.

வாயைக் கழுவிவிட்டுத் தன் முகமூடியைப் போட்டுக்கொண்டு கூடாரத்துக்குள் போனான். இரண்டு வருஷமாக அவன் போட்டுக்கொண்டிருந்த அதே முகமூடி. அவள் ஒரு அமுக்கு அமுக்கினாள்.

அவன் உடனே கையைத் தூக்கினான்.

"என்ன?"

"கசக்குது."

"நல்லா இழுத்துக் கட்டிட்டுச் சொல்லு."

இழுத்துக் கட்டினான். அவள் மறுபடி அமுக்கினாள். அவன் மறுபடி கையைத் தூக்கினான். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. இரண்டு வருஷமாக அந்த முகமூடி ஒழுகிக்கொண்டிருந்திருக்கிறது. அவ்வளவு பெரிய உடம்பில் அவன் முகம் மட்டும் சின்னது. முகவாய்க்குக் கீழே ஒரு விரல் போகும் இடைவெளி. அதை மூக்கு சொல்லியிருக்கவேண்டும். அந்த மூக்குதான் ஊரில் இல்லையே.

அவன் கூடாரத்திலிருந்து வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாயங்காலம் ஆனா தலை வலிக்கும் அண்ணி," என்றான் மெதுவாக. "போன் பாக்கிறதால்னு அம்மா திட்டுவாங்க. நானும் அதுதான்னு நெனச்சேன்."

'மேடம்' போய் 'அண்ணி' வந்துவிட்டது. அவளுக்குக் கண் கலங்கிற்று. அதைக் காட்டிக்கொள்ளாமல் அலமாரியைத் திறந்து சின்ன அளவு முகமூடி ஒன்றை எடுத்துவந்தாள். "இதைப் போடு. சின்ன சைஸ்னு வெக்கப்படாதே." போட்டான். தலையை ஆட்டினான், குனிந்தான், நிமிர்ந்தான், பத்தியை உரக்க வாசித்தான். அவள் அமுக்கிக்கொண்டே இருந்தாள். கை தூக்கவே இல்லை.

மருத்துவரிடம் அனுப்பினார்கள். ரத்தம், நுரையீரல் எல்லாம் பார்த்தார். நல்ல காலம், கெட்டுப்போனது எதுவும் இல்லை. தக்க சமயத்தில் பிடித்துவிட்டீர்கள் என்றார். மூக்கைப் பற்றிக் கேட்டபோது, வந்தாலும் வரும், வராமலும் போகும் என்றார். தினமும் காலையும் மாலையும் நாலு வாசனைகளை முகர்ந்து மூக்குக்குப் பயிற்சி கொடுங்கள் என்றும் சொன்னார். 'பயிற்சி' என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்ததை மருத்துவர் கவனித்திருக்கமாட்டார்.

புதன்கிழமை ஆய்வாளர் வந்தார். மூக்குக்கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத அம்மாள். மஞ்சள் கோப்பைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். இரண்டு 'வெற்றி'களின் மேல் கோடு போட்டு, பக்கத்தில் 'செல்லாது' என்று எழுதி, கையெழுத்தும் போட்டிருந்தது.

"இதை யார் அடிச்சது?"

"நான்தாங்க."

"முதல்ல எழுதினது?"

"அதுவும் நான்தாங்க."

ஆய்வாளர் அதோடு இணைத்திருந்த அறிக்கையை வாசித்தார். குப்பிக் காகிதம் மாற்றாத தவறு எழுதியிருந்தது. இனிமேல் மூடிகளை இடம் மாற்றுவது, எல்லாருக்கும் மறுதேர்வு வைப்பது, மூக்கில்லாத ஆளுக்கு நெஞ்சில் மாட்டுகிற வாயு எச்சரிக்கைக் கருவி கொடுப்பது எல்லாம் எழுதியிருந்தது. 'எவ்வாறு கண்டறியப்பட்டது' என்ற கட்டத்துக்கு வந்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"காலுறையா?"

"ஆமாங்க. என் வீட்டுக்காரரோடது. உள்ளதை உள்ளபடி எழுதணுமேன்னு..."

மேலாளர் கூரையைப் பார்த்தார். அதிகம் பேசாத அந்த அம்மாள் அதிகம் சிரிக்காதவரும்தான் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். அவர் சிரித்து முடிக்கத் தண்ணீர் கொடுக்கவேண்டியிருந்தது. போகும்போது தன் குறிப்பில் ஒரு தவறு, ஒரு பாராட்டு, இரண்டையும் எழுதிவிட்டுப் போனார்.

தலைவர் பதவி வேறொருவருக்குப் போயிற்று. அதை மூடிமறைத்துச் சொல்லிப் பயனில்லை. கொழுந்தன் இரண்டு நாள் அட்டைப்பெட்டிகளை அடித்து அடித்து மடித்தான். பிறகு சின்ன முகமூடியும் நெஞ்சில் கருவியுமாக நிரப்பும் அறைக்குத் திரும்பினான். பலகையில் அவன் அட்டையை அவளே மாட்டினாள். அவசரக் குழுவில் அவனை வைத்துக்கொள்வது பற்றி, மூக்கு திரும்பட்டும், அப்புறம் பேசலாம் என்றுவிட்டார்கள்.

வீட்டில் மூக்குப் பயிற்சி ஆரம்பித்தது. பொறுப்பு மாமியாருக்கு. காலையும் மாலையும் மகனைக் கண்ணை மூடி உட்காரவைத்து, எலுமிச்சைத் தோல், காப்பித்தூள், சோப்பு, ஒரு கிராம்பு என்று குழந்தைக்கு ஊட்டுவதுபோல ஒவ்வொன்றாக நீட்டினார். சமையலறைச் சுவரில் காலாவதி அக்கா ஒரு தாளை ஒட்டினாள். தேதி, கொடுத்த வாசனை, சொன்ன பதில், பயிற்சி அளித்தவர் கையெழுத்து. மாமியார் முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு அந்தக் கையெழுத்துப் போடுவதில் அவருக்கு ஒரு ருசி வந்துவிட்டது. ஒருநாள் மகன் மாலைப் பயிற்சிக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு வெளியே போகப் பார்த்தபோது, வாசலை மறித்து நின்று, "உனக்கு இன்னிக்குக் காலாவதி" என்றார். மருமகள் உள்ளே விழுந்து விழுந்து சிரித்தாள்.

பதில் கட்டத்தில் மாதக்கணக்காக 'ஒன்றுமில்லை' என்றே இருந்தது. அவன் வேடிக்கையாக நடுநடுவே 'வாழைப்பழம்' என்று சொல்வான். மாமியார் அதையும் எழுதிவிட்டு, பக்கத்தில் 'பொய்' என்று குறிப்பார். நாளாக ஆக அவன் வேடிக்கை குறைந்தது. ஒருநாள் அண்ணியிடம், "போதும் அண்ணி, அந்தத் தாளைக் கிழிச்சிடுங்க" என்றான். அவள் கிழிக்கவில்லை. அடுத்த மாதத்துக்குப் புதுத் தாள் ஒட்டினாள்.

வருஷம் திரும்பியது. மறுபடி முகமூடித் தேர்வு. குப்பிகளில் புதுக் காகிதம், கலையாத மை. அன்று காலையிலிருந்து வரிசையாக எல்லாரையும் கூடாரத்துக்குள் விட்டு எடுத்து அவளுக்கு இடுப்பு ஒடிந்துவிட்டது. கொழுந்தன் கடைசி. அவனுக்குக் கசப்புத் தேர்வுதான். சின்ன உறையில் நாக்கைச் சோதித்தாயிற்று. அவன் முகம் வழக்கம்போலப் பத்துக் கோணத்துக்குப் போய் வந்தாயிற்று. கதவருகே கூட்டம் பார்த்துச் சிரித்தாயிற்று. சிரித்துக்கொண்டே முகமூடியை அரைகுறையாக மாட்டிக்கொண்டு அவன் கூடாரத்துக்குள் நுழைந்தான். அவள் தெளிப்பானைக் கையில் எடுத்தாள்.

அவன் கையைத் தூக்கினான்.

"இருடா, நான் இன்னும் அமுக்கவே இல்லை!"

கை இறங்கவில்லை.

"கசக்குதா?"

அவன் தலையை இல்லை என்று ஆட்டினான். முகமூடிக்குள்ளிருந்து குரல் வந்தது. வேடிக்கைக் குரல் இல்லை. பயந்த குரல்.

"அண்ணி... வாழைப்பழம்."

கதவருகே ஒருவர், "ஆரம்பிச்சிட்டான்யா" என்றார். அவளுக்கும் கோபம் வரப்பார்த்தது. அப்போதுதான் மேலே பார்த்தாள். கூடாரத்துக்குள் கொக்கியில், அவனுக்கு முன்னால் நின்றவருக்காக அவள் மாட்டிய எண்ணெய்க் காகிதம் தொங்கிக்கொண்டிருந்தது. எடுக்க மறந்திருந்தாள். கண்ணில் ஒற்றிக்கொள்கிற நேர்த்திக்காரி, மறந்தே போயிருந்தாள். அது அவன் தலைக்குமேல், அவன் கண்ணுக்குப் படாத இடத்தில் இருந்தது.

அவள் தெளிப்பானைக் கீழே வைத்தாள். "வெளிய வா," என்றாள். "திரும்பி நில்லு. கண்ணை மூடு."

இரண்டு குப்பிகளை எடுத்தாள். மூடிகளை மாற்றினாள், மறுபடி மாற்றினாள். ஒன்றை நீட்டினாள்.

"தண்ணி," என்றான்.

இன்னொன்று.

"இது. இதுதான் அண்ணி. லேசா இருக்கு. ஆனா இருக்கு."

மறுபடி கலைத்துக் கொடுத்தாள். சரியாகச் சொன்னான். கதவருகே நின்றவர்களில் ஒருவர் தன் காலுறையைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்து அவன் மூக்கருகே நீட்டினார். கொழுந்தன் பின்னால் பாய்ந்து, "ஐயோ, தூர எடு!" என்று அலறினான்.

அந்த அலறலுக்குத் தொழிற்சாலையில் அதுவரை யாருக்கும் விழாத கைதட்டல் விழுந்தது. மேலாளர், கசிவுதான் என்று நினைத்து ஓடிவந்துவிட்டார். காலாவதி அக்கா அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே மூக்கைச் சிந்தினாள். பிறகு பேனாவைக் காதிலிருந்து எடுத்தாள். எழுதவேண்டியதை எழுதத்தானே வேண்டும்? முகமூடி போட்டிருந்தும் வாசனை வந்திருக்கிறது. விதிப்படி அது தோல்வி. அவன் பெயருக்கு நேரே 'தோல்வி' என்று, தன் வாழ்நாளிலேயே மிக அழகான எழுத்தில் எழுதினாள். அப்புறம் அந்தக் காகிதத்தை எடுத்துவிட்டு, அவன் முகமூடிப் பட்டையை நறுக்கென்று இழுத்துக் கட்டி, மறுபடி உள்ளே அனுப்பி, கசப்பைத் தெளித்துப் பார்த்து, கீழ்வரியில் 'வெற்றி' என்றும் எழுதினாள்.

சாயங்காலம் அந்தத் தாளின் நகலை வீட்டுக்குக் கொண்டுவந்து மாமியாரிடம் கொடுத்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, மேல்வரியை மட்டும் இரண்டு தடவை வாசித்தார். சுவர்த் தாளின் பதில் கட்டத்தில் 'வாழைப்பழம்' என்று எழுதி, பக்கத்தில் 'உண்மை' என்று குறித்து, கையெழுத்துப் போட்டார்.

பிறகு பாலை அடுப்பில் ஏற்றி, மகனைக் கூப்பிட்டு முக்காலியில் உட்காரவைத்தார்.

"பாத்துக்கடா," என்று சொல்லிவிட்டு, வெகுநாளைக்குப் பிறகு நிம்மதியாகக் குளிக்கப் போனார்.